பூஜ்யத்தை நகர்த்தியது யார்

வீட்டைப் பூட்டியதும் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்ப்பது எல்லாருக்கும் உள்ள பழக்கம். அவர் இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை நடந்து, பிறகு திரும்பி வந்து, தான் இல்லாத நேரத்தில் பூட்டு மனம் மாறிவிட்டதா என்று இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பவர். சமையலறையில் எண்ணெய்க் குப்பியின் மேல் பென்சிலால் கோடு போட்டு வைப்பார். ஒருநாள் அவர் மனைவி அந்தக் கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அரை விரல் கீழே தானே ஒரு கோடு போட்டு வைத்தாள். எண்ணெய் குறைந்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். கூடியிருந்தது. நம் வீட்டுக்குள் வந்து எண்ணெய் ஊற்றிவிட்டுப் போகிறவன் யார், அவனுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆகவேண்டும் என்று அன்று முழுவதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மாலையில் அவளே சிரித்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். அது உண்மைதானா என்று மனதின் ஓரத்தில் ஒரு முள் இருந்துகொண்டேதான் இருந்தது.

தொழிற்சாலையில் அவருக்கு ‘மைக்ரான்’ என்று பெயர். அங்கே செய்வது பந்து பேரிங். அளவறையில் பகல் ஷிப்டுக்கு அவர்தான் பொறுப்பு. அரைத்து வரும் வளையங்களை அளந்து, தேறியதைப் பெட்டியிலும் தேறாததைச் சிவப்புத் தட்டிலும் போடுவது வேலை. தலைமுடி ஒன்றை எழுபது இழையாகக் கிழிக்க முடிந்தால், அதில் ஒரு இழையின் தடிமன்தான் ஒரு மைக்ரான். அந்த இழையோடு மல்லுக்கட்டியே அவருடைய கண்ணாடி தடித்தது, தலை நரைத்தது.

இளவயதில் அவர் ஒரு சாதாரண லேத் பட்டறையில் இருந்தார். அங்கே துளை கொஞ்சம் பெரிதாகப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள், சிறிதாகிப்போனால்தான் திட்டு. பேரிங் தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வாரம் தர அட்டவணையைக் கையில் கொடுத்தார்கள். அதில் துளைக்கு மேல் எல்லை பூஜ்யம், கீழ் எல்லை மைனஸ் என்று போட்டிருந்தது. அச்சுப்பிழை என்று அவர் சந்தேகப்பட்டார். வேறொரு பிரதியைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். அதிலும் அப்படியே. அப்போதிருந்த தலைமை அளவாளரிடம் போய், இரண்டு பிரதியிலும் ஒரே தப்பு இருக்கிறது என்றார்.

தப்பில்லை என்று அந்த மனிதர் விளக்கினார். பேரிங் சுழலும் தண்டின் மேல் இறுக உட்கார வேண்டும். ஆகவே துளை சொன்ன அளவைவிடக் குறையலாம், கூடக்கூடாது. வெளிவிட்டம் இயந்திரத்தில் அதற்கென்று குடைந்த ஒரு கூட்டுக்குள் போய் உட்கார வேண்டும். ஆகவே அதுவும் குறையலாம், கூடக்கூடாது. இந்த ஒழுங்கு இருப்பதால்தான் ஒரு மூலையில் செய்த பேரிங் இன்னொரு மூலையில் செய்த பம்புக்குள் மறுபேச்சில்லாமல் போய் உட்காருகிறது. ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர் வெளிவளையம் என்றால் பதின்மூன்று மைக்ரான் வரை கீழே இறங்கலாம். மேலே ஒரு மைக்ரான்கூட ஏறக்கூடாது.

அந்த விதி அவருக்கு இனித்தது. மனிதர்களுக்கும் அதையே வைத்துக்கொண்டார். தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைவிட ஒருவன் குறைவாக இருப்பான். எவ்வளவு குறைவு என்பதுதான் கேள்வி. கூடுதலாக இருப்பவன் என்று ஒருவன் கிடையாது. அப்படித் தெரிந்தால் அளந்ததில் தப்பு. பெண் பேசி முடித்திருந்த நாட்களில், வருங்கால மனைவியிடம் வெவ்வேறு சமயத்தில் பிறந்த தேதியைக் கேட்டு ஒத்துப்பார்த்தவர் அவர். மூன்றாம் தடவை அவள், “மொதல்ல சொன்னதேதான். அளவு மாறல,” என்றாள். அந்தப் பதிலில்தான் அவர் விழுந்தார் என்று அவருடைய உறவுக்காரர்கள் சொல்வார்கள்.

மனைவியின் தம்பி வேலையில்லாமல் திரிந்தபோது, அளவறையில் மாலை ஷிப்டுக்கு அவனைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். மனைவி வாய் திறந்து கேட்கவில்லை. சோற்றைப் போடும்போது கரண்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். அது போதுமானதாக இருந்தது. அவரே பக்கத்தில் உட்கார்த்திப் பழக்கினார். பையன் கை சுத்தம். ஆனால் நடை, பேச்சு, சாப்பாடு எல்லாமே மெதுவாகத்தான். தொழிற்சாலையில் சேர்ந்த மாதமே அவனுக்குச் ‘சாவகாசம்’ என்று பெயர் விழுந்துவிட்டது. வந்ததும் வேலையைத் தொடமாட்டான். செருப்பை மாற்றுவான், மேசையைத் துடைப்பான், அறிவிப்புப் பலகையை முதல் வரியிலிருந்து படிப்பான். மாஸ்டர் வளையம் பாட்டுக்குத் திறந்த கல்மேசையில் கிடக்கும்.

அந்த மாஸ்டர் வளையத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மற்ற வளையங்களைப் போலத்தான் பார்க்க இருக்கும். ஆனால் அதன் வெளிவிட்டம் சரியாக ஐம்பத்திரண்டு என்று மேலிடத்தில் அளந்து எண் பொறித்து அனுப்பியிருப்பார்கள். அளவுக் கருவியில் முதலில் அதை வைத்து, டயலைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். பிறகு அரைத்து வந்த வளையத்தை வைத்தால், முள் மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்த்தால் போதும். டயலில் ஒரு கோடு ஒரு மைக்ரான். மாஸ்டர் பொய் சொன்னால் அந்த அறையில் உண்மை பேச வேறு ஆள் கிடையாது.

ஒரு காலை, இரவில் அதை வைக்கும் பெட்டியை அவர் திறந்தபோது, மாஸ்டர் வளையம் எண் பொறித்த பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்ந்து கிடந்தது. அவர் எப்போதும் எண்ணை மேலே பார்க்க வைப்பவர். யாரோ தொட்டிருக்கிறார்கள். தொட்டவர் யார் என்பதைவிட எதற்காகத் தொட்டார் என்பதுதான் அவரைக் குடைந்தது. வளையத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை. கீறல் இல்லாதது அவருக்கு இன்னும் மோசமாகப் பட்டது. திறமையான ஆள் என்று அர்த்தம்.

அன்று வீட்டில் மனைவியிடம் ஒரு சிறிய துணிப்பை தைத்துத் தரச் சொன்னார். எதற்கு என்று அவள் கேட்டாள். ஒரு சாமான் கீறல் படாமல் இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். அவள் பழைய கம்பளித் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து, காலையில் வந்ததும் முதல் வேலையாக மாஸ்டர் வளையத்தைத் துணிப்பைக்குள் போட்டுக்கொள்வார்; பகல் முழுவதும் அது அவர் சட்டையின் உள்பையில் இருந்தது. பூஜ்யம் வைக்கும்போது மட்டும் வெளியே எடுப்பார். வைத்ததும் திரும்ப உள்ளே. மாலையில் மைத்துனன் வந்த பிறகுதான் கல்மேசையில் வைத்துவிட்டுக் கிளம்புவார். மார்பை ஒட்டி அது கதகதப்பாக இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. பத்திரமாக இருக்கிறது என்று அது தனக்கு மட்டும் சொல்வதுபோல இருந்தது.

அதோடு நின்றாரா என்றால் இல்லை. டயலின் சுழலும் விளிம்பில் ஒரு பென்சில் கோடு, கருவியின் அசையாத உடம்பில் ஒரு பென்சில் கோடு, இரண்டும் நேருக்கு நேர் நிற்கும்படி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை வந்து பார்த்தால் கோடுகள் விலகியிருந்தன. ஐந்து கோடு. அதாவது ஐந்து மைக்ரான்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடவே உள்ளுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. கவிழ்ந்து கிடந்த வளையத்தைப் பார்த்த அன்றே தனக்குத் தோன்றியது சரிதான். வந்ததும் பைக்குள் போட்டுக்கொண்ட மாஸ்டரை, மற்ற வேலைகளை முடித்தபின் எடுத்து வைத்துத் தன் கையால் மறுபடி பூஜ்யம் வைத்தார். கோடுகள் நூல் பிடித்தாற்போல் சேர்ந்தன. அடுத்த நாளும் விலகியிருந்தன. அதற்கடுத்த நாளும். கருவி தானாக நகர்ந்தால் ஒருநாள் இரண்டு, ஒருநாள் ஏழு என்று நகரும். தினமும் ஒரே அளவு நகர்கிறது என்றால் அங்கே ஒரு கை இருக்கிறது. அந்தக் கை யாருடையது என்று யோசிக்க வேண்டியதில்லை. மாலையில் அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு ஆள்.

மைத்துனனிடம் நேராகக் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான். அதற்குப் பதிலாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவனைக் கவனிக்க ஆரம்பித்தார். கவனிக்க ஆரம்பித்ததும் எல்லாமே தெரிந்தது. அரைக்கும் இயந்திரத்தில் நிற்கும் கிரைண்டிங்காரரோடு அவன் வாசலில் நின்று பேசுகிறான். தன்னைக் கண்டதும் பேச்சை மாற்றுகிறான். தான் தேறியது என்று பெட்டியில் போட்ட வளையங்களை அவன் மாலையில் திரும்ப எடுத்து அளக்கிறான். அதில் பலவற்றைச் சிவப்புத் தட்டில் கொட்டுகிறான். தன்னை மட்டம் தட்டத்தான் இதெல்லாம். மாமாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று பேர் கட்டி, பகல் ஷிப்டைப் பிடிக்கப் பார்க்கிறான். சோறு போட்ட வீட்டிலேயே அளவெடுக்கிறான்.

கிரைண்டிங்காரருக்கோ பொறுமை போய்விட்டது. ஒருநாள் கை நிறைய வளையங்களை அள்ளிக்கொண்டு வந்து அளவறை ஜன்னலில் கொட்டினார். “பகல்ல கேட்டா சின்னதா இருக்குங்கிறீங்க. சரின்னு கொஞ்சம் சதைய விட்டு அரைச்சா, சாயங்காலம் பெருசா இருக்குன்னு அவரு தூக்கிப் போடறாரு. இரும்பு என்னங்க, பொழுது சாஞ்சா ஊதிக்குதா?”

“ஊதறது இரும்பு இல்ல,” என்றார் மைக்ரான். “யாரு ஊதறாங்கன்னு எனக்குத் தெரியும்.”

கிரைண்டிங்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையையும் அவர் மனதில் குறித்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றிலிருந்து சரக்கு திரும்பி வந்தது. பேரிங் கூட்டுக்குள் போகவில்லை, வெளிவிட்டம் மிஞ்சியிருக்கிறது, உங்கள் அளவறையில் யார் தூங்குகிறார்கள் என்று கேட்டிருந்தார்கள். தரப்பிரிவின் மேலாளர் அம்மாள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். காத்திருந்தவர்போல எல்லாவற்றையும் சொன்னார். பென்சில் கோடு, ஐந்து மைக்ரான், வாசல் பேச்சு, ஒன்றையும் விடவில்லை. தன் சொந்த மைத்துனன் என்பதையும் தானே சொன்னார். அதனாலேயே அவர் பேச்சுக்கு எடை கூடியது. நாளைக் காலை இருவரையும் வைத்து அறையிலேயே பார்த்துவிடலாம், அவன் பூஜ்யத்தை நகர்த்தியது உறுதியானால் வேலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று மேலாளர் சொன்னார்.

அன்று வீட்டில் அவருக்கு முன்னால் சேதி வந்திருந்தது. மனைவி சாப்பாட்டைப் போட்டாள், எதிரில் உட்கார்ந்தாள், அவர் கையைக் கழுவும் வரை காத்திருந்தாள்.

“அவனுக்கு இப்பத்தான் கொழந்த பொறந்திருக்கு,” என்றாள் பிறகு.

குழந்தைக்கும் பூஜ்யத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றார் அவர்.

“அவன் பொய் சொல்ல மாட்டாங்க. சொன்னா காது செவந்துரும். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான்.”

“அவன் சொல்லவே இல்லையே. சத்தமில்லாம செய்யறான்.”

“நேருக்கு நேரா ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“கேட்டா நிறுத்திடுவான். அப்புறம் எப்படிப் பிடிக்கறது?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “நாளைக்கு அவன அனுப்பிட்டு வாங்க. சோறு போடுவேன். பேச மாட்டேன். எவ்வளவு நாளைக்குன்னு அளந்து வச்சுக்கங்க.”

அவர் வாசல் பூட்டை இழுத்துப் பார்க்கப் போனார்.

மறுநாள் காலை அளவறையில் மூவரும் கூடினார்கள். அந்த அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. வெளியே நாலு நாற்காலி போட்ட ஒரு சின்ன முன்னறை. உள்ளே எப்போதும் இருபது டிகிரிதான் இருக்க வேண்டும். இரும்பு சூட்டில் பெருக்கும், குளிரில் சுருங்கும் என்பதால் உலகத்தில் எல்லா அளவையும் இருபதில்தான் எடுப்பது என்று விதி. சுவரில் வெப்பமானி தொங்கியது. வந்ததும் அதைப் பார்த்து, இருபது என்று வாய்விட்டுச் சொல்வது அவர் வழக்கம். அன்றும் சொன்னார்.

பிறகு, காலையில் முதல் ஆளாக வந்து மாஸ்டரைப் போட்டு வைத்திருந்த துணிப்பையை உள்பையிலிருந்து எடுத்தார். மாஸ்டர் வளையத்தைக் கருவியில் வைத்தார். டயலைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினார். பென்சில் கோடுகள் முத்தமிட்டுக்கொண்டதுபோல் சேர்ந்தன.

“பாத்துக்கங்க மேடம். இது என் பூஜ்யம். தினமும் இதுதான். நான் வீட்டுக்குப் போய் வர்றதுக்குள்ள இது அஞ்சு கோடு தள்ளி நிக்கும்.”

மேலாளர் மைத்துனனைப் பார்த்தார். அவன் குனிந்து கோடுகளைப் பார்த்தான். சாவகாசமாகவே பார்த்தான்.

“நான்தான் மேடம் நகர்த்தறேன். மாஸ்டர் காட்டற எடத்துக்கு நகர்த்தறேன்.”

“தெனமுமா?”

“தெனமும்.”

“அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

அவன் மாமாவை ஒரு முறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். மைக்ரான் அவன் காதுகளைக் கவனித்தார். சிவக்கவில்லை. குளிரான அறையில் காது சிவக்காதோ என்னவோ என்று நினைத்துக்கொண்டார்.

கருவியிலிருந்து வளையத்தை எடுத்து அவர் துணிப்பைக்குள் போடப் போனார். மேலாளர் தடுத்தார். “அது அங்கயே இருக்கட்டும். யாரும் எதையும் தொட வேண்டாம். வெளிய உக்காந்து எழுதிக்குவோம்.” அவருக்கு மனமில்லை. வேறு வழியில்லாமல் வளையத்தைக் கல்மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். கண்ணாடிக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மைத்துனனை அதற்கு முதுகு காட்டி உட்கார வைத்தார். டீ வந்தது. மேலாளர் நிறையக் கேட்டார், எழுதினார், அடித்து எழுதினார். பேச்சு நீண்டது. அவர் டீயைக் குடித்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார், ஆனால் கண்ணை வளையத்தைவிட்டு எடுக்கவில்லை. டீ சட்டையில் சிந்தியதுகூடத் தெரியவில்லை.

கடைசியில் மேலாளர் பேனாவை வைத்தார். “நீங்க ஒரு வரி சொன்னா போதும் சார். வேணும்னே நகர்த்தினார்னு. கையெழுத்துப் போட்டுட்டா இன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடலாம்.”

மைத்துனன் கையில் ஆறிப்போன டீ அப்படியே இருந்தது. அவன் நிமிரவில்லை.

“திரும்பி வந்த வளையத்தையும் அளந்து காட்டிடறேன் மேடம். அப்புறம் எழுதுங்க. அரைகுறையா எழுதக்கூடாது,” என்று அவர் எழுந்து உள்ளே போனார். அது அவருடைய நேர்மை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எதையும் பாதியில் விடமாட்டார்.

அளக்கத் தொடங்குவதற்கு முன் பூஜ்யத்தை ஒரு முறை சரிபார்ப்பதும் அவர் விடாத பழக்கம். மாஸ்டர் வளையத்தை எடுத்து மறுபடி கருவியில் வைத்தார்.

முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை. ஐந்து கோடு கீழே நின்றது.

வளையத்தைத் திருப்பி வைத்தார். ஐந்து. தூசி என்று துடைத்து வைத்தார். ஐந்து. பென்சில் கோடுகளைப் பார்த்தார். அவை சேர்ந்தே இருந்தன. டயலை யாரும் தொடவில்லை. அவர் முதுகு கண்ணாடிப் பக்கம் இருந்ததால் வெளியே இருந்தவர்களுக்கு முள் தெரியாது.

யார் என்றுதான் முதலில் தோன்றியது. வழக்கமான கேள்வி. மைத்துனன் தன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். மேலாளர் கையில் பேனா இருந்தது. அறைக்கு ஒரே கதவு; அந்தக் கதவு தன் கண் முன்னால் இருந்தது. கிரைண்டிங்காரரை நினைத்தார், அவர் இந்தப் பக்கமே வரவில்லை. கல்மேசை, விளக்கு, சுவர் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுப் பார்த்தார். யாரும் மிஞ்சவில்லை. கண்ணை எடுக்காமல் காவல் இருந்தது அவரேதான். வேறு யாராவது காவல் இருந்திருந்தால் அந்தக் காவல்காரன் மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

அப்போதுதான் விரல்களுக்கு ஒன்று தெரிந்தது. வளையம் சில்லென்று இருந்தது. காலையில் பையிலிருந்து எடுத்தபோது அப்படி இல்லை. அவர் கை தானாகச் சட்டையின் உள்பைக்குப் போனது. காலியான துணிப்பை இன்னும் கதகதப்பாக இருந்தது.

அந்தக் கணக்கு அவருக்கு மனப்பாடம். ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர் இரும்புக்கு ஒரு டிகிரி கூடினால் அரை மைக்ரானுக்குச் சற்று மேல். மார்பை ஒட்டிய கம்பளிப் பைக்குள் அறையைவிட எட்டு ஒன்பது டிகிரி கூடுதலாக இருக்கும். ஐந்து மைக்ரான் வந்துவிட்டது. பெருத்திருந்த மாஸ்டரை ஐம்பத்திரண்டு என்று நம்பிப் பகலெல்லாம் பூஜ்யம் வைத்திருக்கிறார். நல்ல வளையம் அவருக்குச் சின்னதாகத் தெரிந்தது. மிஞ்சிய வளையம் சரியாகத் தெரிந்தது. மைத்துனன் செருப்பு மாற்றி, மேசை துடைத்து, பலகை படித்துவிட்டு வளையத்தைத் தொடும்போது அது கல்மேசையில் கிடந்து ஆறியிருக்கும். அவன் வைத்ததுதான் உண்மையான பூஜ்யம். அறையின் சூட்டை அவர் தினமும் வாய்விட்டுப் படித்தார். சட்டைப் பையின் சூட்டைப் படிக்க யாரும் வெப்பமானி மாட்டவில்லை.

ஒரு விரலால் டயலை ஐந்து கோடு திருப்பினால் போதும். யாருக்கும் தெரியாது. பென்சில் கோடுகள் விலகும். பாருங்கள், இப்போதுகூட நகர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். அவர் விரல் டயல் வரை போனது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அங்கே போய் நின்றது. பூஜ்யத்தை நகர்த்துகிறவன் என்றுதானே அவன்மேல் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தார். “மேடம், கொஞ்சம் உள்ள வாங்க. நீயும் வாடா.”

இருவரும் வந்தார்கள். முள்ளைக் காட்டினார். துணிப்பையை எடுத்து மேலாளர் கையில் வைத்தார்.

“சூடு தெரியுதா மேடம்? மாஸ்டர் பகல் முழுக்க இதுக்குள்ளதான் இருந்துச்சு. பூஜ்யத்த நகர்த்தினது நான்தான். இவன் சரியான எடத்துல கொண்டு வந்து வச்சிருக்கான்.”

மேலாளர் பையைப் பிடித்துப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். உடனே நம்பவில்லை. மைத்துனனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாரோ என்று அவருக்குச் சந்தேகம். மைக்ரானுக்கு அந்தச் சந்தேகம் பிடித்திருந்தது. தானே வளையத்தைப் பைக்குள் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, எல்லாரையும் காத்திருக்க வைத்து, திரும்ப எடுத்துக் கருவியில் வைத்தார். முள் ஏறிப் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. கல்மேசையில் ஆறவிட்டு வைத்தார். இறங்கியது. திரும்பி வந்த வளையங்களை ஆறிய மாஸ்டரோடு அளந்தபோது எல்லாம் பூஜ்யத்துக்கு மேலே மூன்று, நான்கு என்று நின்றன. எல்லை மீறிய சரக்குதான்.

மேலாளர் மைத்துனன் பக்கம் திரும்பினார். பகல் சரக்கு பெரிதாக இருக்கிறது என்று தெரிந்தும் அவன் ஏன் சொல்லவில்லை, அந்தச் சரக்கு இத்தனை நாளும் ஏன் வெளியே போகவில்லை, இப்போது மட்டும் எப்படிப் போயிற்று என்று கேட்டார்.

அவன் மென்று விழுங்கினான். மாமாவுக்குக் கண் முன்போல் இல்லையோ என்று தான் நினைத்ததாகவும், யார் காதிலும் போடாமல் பகல் பெட்டிகளை மாலையில் திரும்ப அளந்து பெரியதைப் பொறுக்கி எடுத்துவிட்டதாகவும் சொன்னான். திரும்பி வந்த சரக்கு, அவன் காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில் போனது. அந்த வாரம் மாலையில் பொறுக்க ஆள் இல்லை.

மைக்ரான் அவன் காதுகளைப் பார்த்தார். இப்போது நன்றாகச் சிவந்திருந்தன. பொய் அல்ல, கூச்சம். அந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று மனைவி சொல்லாமல் விட்டுவிட்டாள்.

உங்கள் பெயரை எழுதாமல் விட முடியாது என்று மேலாளர் அவரிடம் சொன்னார். எழுதுங்கள், தப்பில்லாமல் எழுதுங்கள் என்றார் இவர். கிடங்கில் இருக்கும் பகல் சரக்கு முழுவதையும் மறுபடி அளக்க வேண்டும், அதுவரை பூஜ்யம் வைக்கும் பொறுப்பு மைத்துனனுக்கு, இவர் பக்கத்தில் உட்கார்ந்து உதவலாம் என்று முடிவாயிற்று. மாஸ்டர் வளையம் இனி கல்மேசையைவிட்டு எங்கும் போகக்கூடாது என்று பலகையில் ஒரு வரி ஏறியது.

வெளியே வந்ததும், கொஞ்ச தூரம் நடந்த பிறகு, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டார்.

“சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா மாமா?”

நடந்துகொண்டே யோசித்தார். அவசரப்படாமல், அளந்து பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“மாட்டேன்.”

“அதான்.”

“அன்னிக்கு மாஸ்டரக் கவுத்து வச்சது?”

“நான்தான். எண்ணெய் தடவி வச்சேன். எழுத்துப் பள்ளத்துல எண்ணெய் தங்காம வடியட்டும்னு.”

துருப்பிடிக்காமல் இருக்க அப்படி வைப்பது நல்ல பழக்கம்தான். அதுகூட அவர் சொல்லிக்கொடுத்தது இல்லை. சொன்ன அளவைவிட ஒருவன் கூடுதலாக இருந்தால் அளந்ததில்தான் தப்பு என்று இத்தனை வருடம் வைத்திருந்தார். இந்தத் தடவை அளந்ததில் தப்பு இருந்தது உண்மை. ஆனால் அது அவர் நினைத்த பக்கம் இல்லை.

வீட்டில் மனைவி சோறு போட்டாள். பேசவும் செய்தாள். தம்பி ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தான் போலும். “நான்தான் ரெண்டு மடிப்பா தச்சேன். ஒரு மடிப்பா தச்சிருந்தா ரெண்டரை மைக்ரானோட போயிருக்குமில்ல?” என்றாள். கணக்கு அப்படி வராது என்று விளக்க ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கிடங்கிலிருந்து பெட்டிகள் வந்தன. கல்மேசையின் இரு பக்கமும் மாமனும் மைத்துனனும் உட்கார்ந்தார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த கிரைண்டிங்காரர், “என்னங்க, இரும்பு ஊதறது நின்னுருச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனார். நின்றுவிட்டது என்று இவர் மரியாதையாகவே பதில் சொன்னார்.

மாஸ்டர் வளையம் நடுவில், திறந்த இடத்தில், காவல் இல்லாமல் கிடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து தொடலாம் என்ற நினைப்பு அவரை அரித்துக்கொண்டே இருந்தது. பெட்டி மாற்றும்போதெல்லாம் கண் அங்கே போயிற்று. ஒரு தடவை, அது மேசை ஓரத்துக்குக் கொஞ்சம் நகர்ந்திருப்பதுபோலத் தோன்றியது. சரியாக வைக்கலாம் என்று கையை நீட்டினார்.

“மாமா, கை,” என்றான் மைத்துனன், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டையின் உள்பைக்குள் வைத்துக்கொண்டார்.